மாலத்தீவில் நான்கு இரவுகள்

மாலத்தீவு என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் எழும் படம் ஒன்றுதான். பச்சையும் நீலமும் கலந்த கடல். அதன்மேல் கால் ஊன்றி நிற்கும் மரக் குடில்கள். குடிலின் வாசற்படியே கடலுக்குள் இறங்கும். சினிமாப் பாட்டுக் காட்சிகளிலும், புதுமணத் தம்பதியர் அனுப்பும் படங்களிலும் இதைப் பார்த்துப் பார்த்து, அது நமக்கு எட்டாத உலகம் என்று முடிவு கட்டிவிட்டோம்.

அந்த முடிவில் பாதி சரி. தண்ணீர்மேல் கட்டிய குடில் ஒன்றுக்கு, நான் பார்த்த விலைப் பட்டியலில் ஓர் இரவுக்கு 700 டாலர் போட்டிருந்தது. நம் பணத்தில் மூவாயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம்தான் குறைவு! இன்று நம் நாட்டில் சட்டப்படிக் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. செம்பனைக் குலை வெட்டுகிறவர் ஒன்றே முக்கால் மாதம் வெயிலில் காய்ந்தால், அந்தக் குடிலில் ஒரே ஓர் இரவு கண்ணயரலாம். தூரத்துத் தீவாக இருந்தால் கடல் விமானத்தில் போய்ச் சேரவே இன்னும் சில நூறு டாலர் வைக்க வேண்டும்.

மற்றப் பாதி தவறு என்பதை 2025 செப்டம்பர் பள்ளி விடுமுறையில் கண்ணாரக் கண்டேன். நானும் என் மனைவியும், அவளுடைய அண்ணனும் அண்ணியுமாக நான்கு பேர் போனோம். மச்சான் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவருடைய பணம் மூன்று ஆண்டு பிடித்த சீட்டில் வந்தது. என்னுடையது மாதாமாதம் ஒதுக்கி வைத்தது. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். "அந்தப் பணத்துக்கு வீட்டுக்குப் பின்னால ஒரு அறை இழுத்துக் கட்டலாமே" என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் செலவுக் கணக்கை மூடி மறைக்காமல் பின்னால் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். இந்தியாவின் தென்முனைக்கும் இலங்கைக்கும் தென்மேற்கே, வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது இந்த நாடு. ஏறக்குறைய 1,200 தீவுகள். இவற்றில் ஊர் மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. அத்தனை தீவுகளின் நிலத்தையும் ஒன்றாகக் கூட்டினால் நம் பினாங்குத் தீவின் அளவு வரும், அவ்வளவுதான். எல்லாம் பவளப் பாறைமேல் படிந்த மணல். மலை கிடையாது, ஆறு கிடையாது. நாட்டிலேயே இயற்கையாக மேடான இடம் கடல் மட்டத்திலிருந்து இரண்டரை மீட்டர்கூட இல்லை. லயத்து வீட்டுக் கூரை அதைவிட உயரம்! தீவுகள் வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. அந்த வளையத்துக்கு அவர்கள் மொழியில் 'அதொளு' என்று பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் 'அட்டோல்' என்ற சொல் அங்கிருந்து போனதே.

நமக்கும் அந்த ஊருக்கும் பழைய பழக்கம் உண்டு. ராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் வரும் 'பழந்தீவு பன்னீராயிரம்' என்பது மாலத்தீவையே குறிக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அவர்கள் படகுக்குப் பெயர் 'தோனி', நம் தோணிதான். நம் பாட்டிமார் சம்பலில் இடித்துப் போட்ட மாசிக் கருவாடு அந்தத் தீவுகளிலிருந்து வந்த சரக்கு. மீனுக்கு அவர்கள் சொல்லும் சொல் 'மஸ்'. பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் நாம் உருட்டிய சோழிகளும் ஒரு காலத்தில் அங்கிருந்து கப்பல் கப்பலாகப் போனவை. வங்காளத்தில் அவை நாணயமாகவே செல்லுபடியாயின.

இனி, மலிவான அறை அங்கே எப்படி வந்தது என்ற கதை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்நாட்டின் முதல் உல்லாச விடுதி 1972-இல் ஆள் குடியில்லாத ஒரு தீவில் முப்பது அறைகளோடு திறக்கப்பட்டது. அதன் பிறகு வழக்கம் ஒன்று ஏற்பட்டது: ஒரு தீவு, ஒரு விடுதி. ஆளில்லாத் தீவு ஒன்றை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுக்கும். படகுத்துறை, மின்சாரம், தண்ணீர், சமையல், வேலையாள் குடியிருப்பு எல்லாம் அந்தத் தீவுக்குள்ளேயே அமையும். வெள்ளைக்காரப் பயணி விமான நிலையத்தில் இறங்கி நேராக அங்கே போவார். நாள் முடிந்ததும் நேராகத் திரும்புவார். ஊர் மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டார் தங்குவது 1980-களில் நிறுத்தப்பட்டது. பயணிகளின் பழக்க வழக்கம் ஊரைக் கெடுத்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆக, உலகமே ஆசைப்படும் கடலைச் சொந்தமாக வைத்திருந்த ஜனங்கள், அந்தக் கடலைக் காட்டிப் பணம் பண்ண வேண்டுமானால் விடுதித் தீவுக்குப் போய்ச் சம்பளத்துக்கு நிற்க வேண்டும். வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட முடியாது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? எனக்குத் துரை பங்களா நினைவுக்கு வந்தது. மேட்டில் பங்களா, அதைச் சுற்றிப் புல்வெளி, அதற்கு வேலி. பள்ளத்தில் லயம். புல் வெட்டவும் சமைக்கவும் வேலிக்குள் போகலாம். உட்காரப் போக முடியாது.

மாற்றம் வந்த வழி விசித்திரமானது. நாங்கள் தங்கிய மாஃபுஷி என்ற தீவில் நாட்டின் சிறைச்சாலை இருக்கிறது. 2003 செப்டம்பரில் அந்தச் சிறையில் ஓர் இளம் கைதி அடித்துக் கொல்லப்பட்டான். செய்தி பரவித் தலைநகரில் கலவரம் மூண்டது. அரசியல் சீர்திருத்தம் வேண்டும் என்ற குரல் அதிலிருந்து வலுத்தது. 2008-இல் புதிய அரசியல் சட்டமும், பல கட்சிகள் போட்டியிட்ட முதல் அதிபர் தேர்தலும் வந்தன. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஊர்த் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்த அனுமதி கிடைத்தது. முதலில் துணிந்து இறங்கிய தீவுகளில் ஒன்று அதே மாஃபுஷி. சிறைச்சாலைக்குப் பேர்போன ஊர், இப்போது சில்லறைக் காசுக்காரர்களும் கடல் பார்க்கப் போகும் ஊராகிவிட்டது.

கோலாலம்பூரிலிருந்து நேர் விமானத்தில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. நம் கடிகாரத்தை மூன்று மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். விசா முன்கூட்டி எடுக்கத் தேவையில்லை. இறங்கியதும் முப்பது நாளுக்கு முத்திரை குத்துகிறார்கள். ஆனால் புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் கைப்பேசியிலோ கணினியிலோ ஒரு படிவத்தை நிரப்பி வைத்திருக்க வேண்டும். காசு கிடையாது. 'நான் நிரப்பித் தருகிறேன்' என்று காசு கேட்கும் பக்கங்களும் உண்டு. அவற்றில் விழ வேண்டாம். தங்கும் இடத்தின் பெயர், திரும்பும் டிக்கெட் இரண்டும் கையில் இருக்கட்டும்.

விமான நிலையமே ஒரு தனித் தீவு. கதவைத் தாண்டி வெளியே வந்தால் கார் நிற்கும் இடத்தில் படகு நிற்கிறது! மச்சான் சிரித்துவிட்டார். வலப்பக்கமும் இடப்பக்கமும் பெரிய விடுதிகளின் பெயர்ப் பலகை பிடித்துச் சீருடை ஆட்கள் நின்றார்கள். எங்களுக்கு யாரும் பலகை பிடிக்கவில்லை. 2018-இல் திறந்த பாலத்தின் வழியாகப் பஸ் ஏறித் தலைநகர் மாலேயில் இறங்கி, அங்கிருந்து பிற்பகல் புறப்படும் பொதுப் படகைப் பிடித்தோம். விசைப்படகில் போனால் அரை மணி, முக்கால் மணி. ஆளுக்கு 25 டாலர் கேட்டார்கள். பொதுப் படகில் ஒன்றரை மணி நேரம். கட்டணமோ சில டாலர்தான்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் எந்த விலைக்கும் விடமாட்டேன். எங்களுடன் வந்தவர்களில் பாதிப் பேர் ஊர்க்காரர்கள். முட்டை அட்டைகளை மடியில் வைத்தபடி ஓர் அம்மாள், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து தூங்கும் கிழவர், புதுச் சைக்கிளை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு பையன். மாதச் சாமான் வாங்கப் பட்டணம் போய்விட்டு மாலை பஸ்ஸில் தோட்டம் திரும்புவோமே, அதே கூட்டம், அதே களைப்பு. சடக்குக்குப் பதிலாகத் தண்ணீர், அவ்வளவே. முட்டைக்கார அம்மாள் என் மனைவியிடம் ஒரு மிட்டாயை நீட்டினார். பேச மொழி இல்லை. இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

மாஃபுஷி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். அகலத்தைச் சிறுவன் ஒரே மூச்சில் ஓடிக் கடந்துவிடுவான். நடுவே மணல் தெருக்கள், பள்ளிக்கூடம், பள்ளிவாசல், மளிகைக் கடைகள். ஒரு கோடியில் சிறைச்சாலைச் சுவர். கடலோரம் முழுக்க விருந்தினர் இல்லங்களும், இப்போது நாலைந்து மாடி ஓட்டல்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. உள்ளதைச் சொன்னால் ஊர் சற்றுச் சந்தடியாகிவிட்டது. நாற்பது வருஷத்துக்கு முந்தைய அமைதியைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

எங்கள் இல்லம் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. அதனால்தான் விலை குறைவு. அறையில் கட்டில், குளிர்சாதனம், உள்ளேயே குளியலறை. சன்னலைத் திறந்தால் கடல் தெரியாது. பக்கத்து வீட்டு ஈரப்பலா மரம் தெரியும். நம் ஊரில் சுக்குன் என்பார்களே, அந்த மரம். குழாய்த் தண்ணீர் கடல் நீரிலிருந்து உப்பெடுத்தது. குடிக்கப் புட்டித் தண்ணீர்தான் வாங்க வேண்டும். ஆறில்லாத நாட்டில் தண்ணீரின் அருமை எவ்வளவு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2014 டிசம்பரில் தலைநகரின் தண்ணீர் நிலையத்தில் தீப்பிடித்தபோது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் குடிதண்ணீர் அனுப்பிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. குளிக்கும்போது மச்சானுக்கு இதைச் சொல்லி அவசரப்படுத்தினேன்.

இல்லத்தின் உரிமையாளர் ஐம்பதை நெருங்கும் மனிதர். இளம் வயதில் ஒரு விடுதித் தீவில் படகு வேலை பார்த்தவராம். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். அப்பா கட்டிய வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்பி, முதலில் மூன்று அறை, பிறகு ஆறு அறை என்று வளர்த்திருக்கிறார். கீழே அவர் குடும்பம் குடியிருக்கிறது. மகள் கணக்குப் பார்க்கிறாள், மனைவியின் தம்பி படகு ஓட்டுகிறான். 'விடுதியில் இருந்தபோது என் பிள்ளைகள் வளர்ந்ததை நான் படத்தில்தான் பார்த்தேன்' என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னபோது, சிங்கப்பூர் வேலைக்குப் போய்வரும் எங்கள் தோட்டத்துத் தகப்பன்மார் சிலரை நினைத்துக்கொண்டேன்.

காலையில் பசியாற அவர்கள் ஊர் ஆகாரம். சூரை மீனை உதிர்த்து, தேங்காய்ப் பூ, வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்த 'மஸ் ஹுனி'. தொட்டுக்கொள்ள 'ரொஷி' என்னும் மெல்லிய சப்பாத்தி. கூடவே கடுந்தேநீர். நமக்கு அந்நியமே இல்லை. தேங்காய்ச் சம்பலுக்கு அண்ணன் முறை. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் என் மனைவிக்குத்தான் திண்டாட்டம். மரக்கறி என்று கேட்டால் அங்கே விலை ஏறிவிடும். பவள மணலில் என்ன விளையும்? முட்டைக்கோசு முதல் வெங்காயம் வரை இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலில் வருகிறது. மீன்தான் மலிவு.

அந்தத் திண்டாட்டத்தால்தான் சமையற்காரரோடு பழக்கம் ஏற்பட்டது. அடுப்படிப் பக்கம் போய், 'மீன் இல்லாமல் ஏதாவது' என்று என் மனைவி ஆங்கிலத்தில் தடுமாறியபோது, உள்ளேயிருந்து தமிழில் பதில் வந்தது. "அக்கா, பருப்புக் கறியும் கோவா வறுத்தும் தாறேன், சரியா?" இளைஞர் இலங்கை மலையகத்துக்காரர், ஹட்டன் பக்கம். மாலத்தீவு விடுதிகளிலும் இல்லங்களிலும் இலங்கையர், இந்தியர், வங்காளதேசத்தவர் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள்.

"சேர் எந்த ஊரு? மலேசியாவா? அங்கயும் நம்ம ஆக்கள் தோட்டத்துல இருக்காங்களாமே?"

"இருக்கிறோம் தம்பி. முன்னால் ரப்பர், இப்போது செம்பனை. நான் தோட்டப் பள்ளியில் வாத்தியார்."

"நாங்க தேயிலை சேர். ஆச்சி, அம்மா எல்லாம் கொழுந்து எடுத்தவங்க. நான் பொறந்தது லயத்துலதான்."

அன்றிரவு வேலை முடிந்ததும் வாசலில் வந்து உட்கார்ந்தார். வாசலில் வலை பின்னிய இரும்புச் சட்ட நாற்காலி வரிசையாக இருக்கும். அதை 'ஜோலி' என்கிறார்கள். ஊர்க்காரர்கள் மாலையில் அதில் சாய்ந்துகொண்டு கதை பேசுவது வழக்கம். எதிரே இருட்டுக் கடலுக்கு அப்பால் ஒரு விடுதித் தீவின் விளக்குகள் சரம் சரமாகத் தெரிந்தன. அதைக் காட்டி, "இது மாதிரி ஒண்ணுல ரெண்டு வருசம் இருந்தேன் சேர்" என்றார்.

எப்படி என்று மச்சான் கேட்டார்.

"சம்பளம் ஒழுங்கா வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் அவங்களே. ஆனா கெஸ்ட் நடக்கிற மணல்ல லீவு நாள்லயும் நாங்க நடக்க ஏலாது. நமக்கு வேற பாதை. தீவுக்கு நடுவுல, மரத்துக்குப் பின்னால, வெளியில தெரியாத மாதிரி எங்க கட்டடம். கடலுக்கு நடுவுல இருந்துகிட்டு, கடலைப் பாக்காமலே சில நாள் போகும் சேர்."

"துரை பங்களாவுக்குப் பின்கதவு மாதிரி" என்றார் மச்சான்.

"அதேதான் அண்ணே. எங்க ஊர்லயும் அதே கதவுதான்."

மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மூன்று நாட்டில், ஒரே கதவை அறிந்தவர்கள்! பிறகு அவர் தங்கை உயர்தரப் பரீட்சை எழுதப் போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மாதம் தவறாமல் அவளுக்குப் பணம் அனுப்புகிறார். நான் வாத்தியார் என்பதால் எந்தப் பாடம் எடுத்தால் நல்லது என்று கேட்டார். அவர்கள் நாட்டுப் பரீட்சையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் ஒரு மணி நேரம் பேசினோம்.

விடுதித் தீவுகளைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. அந்நாட்டு வருமானத்தின் முதுகெலும்பு சுற்றுலாதான்; அவை இல்லாவிட்டால் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்துவது கடினம். ஆனால் 700 டாலரில் எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? கடலுக்குத் தனி விலை இல்லை. பெரும் பகுதி போவது, வேறு மனிதர் கண்ணில் படாமல் இருக்கும் சௌகரியத்துக்கு. எங்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. நாங்கள் மனிதர்களோடு இருந்து பழகியவர்கள்.

கடலுக்கு வருவோம். இரண்டாம் நாள் ஆளுக்கு 35 டாலர் கொடுத்து, படகில் பவளப் பாறை பார்க்கப் போனோம். முகக் கண்ணாடி, மூச்சுக் குழாய், மிதவைச் சட்டை எல்லாம் அவர்களே தருகிறார்கள். மச்சானுக்கு நீச்சல் தெரியாது. தோட்டத்து வாய்க்காலில் முழங்கால் அளவுக்கு இறங்கியதோடு சரி. படகின் ஏணியைப் பிடித்தவர் கால் மணி நேரம் விடவில்லை. படகுக்காரப் பையன் அவர் கையைப் பிடித்து, "மெதுவாக, கீழே பார், கீழே பார்" என்று சைகை காட்டி இழுத்துச் சென்றான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை! மேலே வந்து சொன்ன முதல் வார்த்தை, "வாத்தியாரே, கீழே ஒரு ஊரே இருக்குய்யா."

உண்மைதான். மஞ்சளும் கறுப்புமாக வரியிட்ட மீன்கள் கூட்டம் கூட்டமாக நம்மைச் சட்டை செய்யாமல் போகின்றன. ஓர் ஆமை, வயதான கங்காணி மாதிரி, அவசரமே இல்லாமல் எங்களுக்குக் கீழே நீந்திச் சென்றது. ஆனால் பாறைகளில் பாதி வெளிறிச் சாம்பல் பூத்துக் கிடந்தன. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் வெளுத்துச் சாகும். 1998-இலும் 2016-இலும் அங்கே பெருமளவு அப்படி அழிந்தது. இரண்டரை மீட்டர் உயரம் இல்லாத நாட்டுக்கு அலையைத் தடுக்கும் சுவரே அந்தப் பாறைதான். 2004 டிசம்பர் 26 ஆழிப் பேரலை, நம் பினாங்கிலும் கெடாவிலும் உயிர்களைக் கொண்டுபோன அதே நாளில், அங்கேயும் எண்பதுக்கு மேற்பட்டவர்களைப் பலி கொண்டது. சில தீவுகளில் மக்கள் ஊரையே காலி செய்து வேறு தீவுக்குப் போய்விட்டார்கள். படகுக்காரப் பையனுக்கு அப்போது நான்கு வயதாம். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது என்றான். பவளத்தில் கால் வைக்காதீர்கள், உடைத்து எடுக்காதீர்கள். மணலோ பவளமோ நாட்டை விட்டுக் கொண்டுபோவது குற்றம்.

போக நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர்க் கட்டுப்பாடுகள் சில உண்டு. அது முழுக்க இஸ்லாமிய நாடு. மது, பன்றி இறைச்சி எதையும் பெட்டியில் கொண்டு போகக் கூடாது. ஊர்த் தீவுகளில் மது விற்பனையும் கிடையாது. இது குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நன்மை என்பது என் அபிப்பிராயம். மச்சானின் அபிப்பிராயத்தை நான் கேட்கவில்லை. வழிபாட்டுச் சிலைகளையும் சுங்கத்தில் அனுமதிப்பதில்லை. ஆகவே கைப்பையில் வைத்திருக்கும் சிறு பிள்ளையாரை வீட்டுச் சாமி மேடையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். 2024 நவம்பர் முதல் மின்சிகரெட்டுக்கும் தடை. நீச்சல் உடையோடு குளிக்கத் தனியாக வேலி கட்டிய கடற்கரை உண்டு. மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். நம் பெண்களுக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. அவர்கள் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, ஊர்ப் பெண்கள் பிள்ளைகளோடு குளிக்கும் பக்கமே இறங்கினார்கள். அங்கேதான் அதிகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

விடியற்காலையில் நடக்கப் போவது என் வழக்கம். ஆறு மணிக்கெல்லாம் பெண்கள் தெரு மணலை ஈர்க்கு விளக்குமாற்றால் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். தேங்காய் ஓலையில் சீவிக் கட்டிய அதே விளக்குமாறு. மணலில் அதே வளைவு வளைவான கோடு. பிறகு பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் பள்ளிக்குப் போவார்கள். வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன். கேட்டில் நின்ற ஆசிரியர் கேரளத்துக்காரர். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தாய்மொழியான திவேஹி தனிப் பாடம். அந்த மொழியை வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். சுமார் ஐந்து லட்சம் பேர் வாழும் நாடு. தன் எழுத்தை விடாமல் வைத்திருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மிகக் குறைவு. எங்கள் பள்ளியில் ஆண்டுக்கு ஆண்டு குறையும் மாணவர் எண்ணிக்கை ஞாபகம் வந்தது. அதை இங்கே எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

திரும்பி வந்ததும் லயத்தில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: எவ்வளவு ஆச்சு?

ஒரு ஜோடிக்குக் கணக்கு இது. அறை, காலை ஆகாரம், வரிகள் உட்பட ஓர் இரவுக்கு 58 டாலர். நான்கு இரவுக்கு 232. பசுமை வரி என்று ஒன்று தனியாக உண்டு. 2025 தொடக்கத்திலிருந்து ஊர்த் தீவுகளின் சிறிய இல்லங்களில் ஆளுக்கு நாளைக்கு 6 டாலர், ஆக 48. போகும்போது பஸ், பொதுப் படகு எல்லாம் சேர்த்துப் பத்து டாலருக்குள். திரும்பும்போது விமான நேரத்துக்காக விசைப்படகு, 50. மதியமும் இரவும் சாப்பாடு 120. பவளப் பாறைப் பயணம் 70. மொத்தம் 530 டாலர். டாலருக்கு நாலே கால் வெள்ளி என்று வைத்தால் 2,250 வெள்ளி. முன்கூட்டியே வாங்கிய விமான டிக்கெட் இருவருக்கும் 2,200. ஆகக் கூடி 4,450 வெள்ளி.

சின்னப் பணம் அன்று. ஒரு தொழிலாளியின் இரண்டரை மாதச் சம்பளத்துக்கு மேல். பங்கோரிலும் லங்காவியிலும் இதில் நாலு தடவை குடும்பத்தோடு கடல் பார்க்கலாம், அதுவும் குறைவானதல்ல. ஆனால் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் பந்தலுக்கும் நாம் ஒரே நாளில் கொட்டும் தொகையோடு ஒப்பிட்டால் என்ன என்று மச்சான் கேட்கிறார். அடுத்த சீட்டை அவர் ஏற்கெனவே பிடிக்க ஆரம்பித்துவிட்டார். இந்த முறை பிள்ளைகளோடு போக வேண்டுமாம்.

அங்கே மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவம். மழையும் காற்றும் வரும், விலை குறையும். எங்களுக்கு நான்கு நாளில் ஒரு பிற்பகல்தான் மழையில் போயிற்று. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வெயில் காலம், விலை ஏறும். சந்தடி வேண்டாதவர்கள் மாஃபுஷிக்குப் பக்கத்திலேயே குல்ஹி, குரைதூ என்ற சிறிய ஊர்த் தீவுகளைப் பார்க்கலாம். நாள் குறிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெள்ளிக்கிழமை அங்கே ஓய்வு நாள், பொதுப் படகு ஓடாது.